94-இல் முட்டி நிற்கும் வேகம்: லேன் கேபிள் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் நெட் மெதுவாக வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் வேலை பழகும் தம்பி எனக்கு முன்பே போய் ஒன்றரை மணி நேரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். “அண்ணே, டிரைவர் மாத்தியாச்சு, ஆன்ட்டிவைரஸை எடுத்துப் பாத்தாச்சு, டிஎன்எஸ் மாத்தியாச்சு. 300 மெகாபிட் பிளான்ல 94-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. நெட் குடுக்கிறவங்க மேலதான் தப்பு. புகார் போட்றலாமா?” என்றான்.

94 என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது. பல வருடங்களுக்கு முன்னால் இதே எண்ணை வைத்துக்கொண்டு நான் நான்கு மாதம் அலைந்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

ரூட்டரை அணைத்துப் போடுவது, பிளக் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நீங்களே செய்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெகாபிட்டை மெகாபைட் என்று படிப்பது

பிளானை மெகாபிட்டில் சொல்வார்கள், டவுன்லோட் பெட்டி மெகாபைட்டில் காட்டும். பிளான் எண்ணை 8-ஆல் வகுங்கள். 100 மெகாபிட் பிளானில் டவுன்லோட் பெட்டி நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் எந்தக் குறையும் இல்லை.

லிங்க் வேகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது

இந்த ஒரு தவறுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு அதில் இரண்டு ஜோடி போதும்: பிளக்கின் 1, 2, 3, 6-ஆம் பின்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டரும் ரூட்டரும் தங்களுக்குள் பேசி, எந்த வேகத்தில் ஓடலாம் என்று முடிவு செய்கின்றன. அதுதான் லிங்க் வேகம். எட்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் கிகாபிட் எழும்பாது. அறுந்தது 4, 5, 7, 8-இல் ஒன்று என்றால், பல நெட்வொர்க் சிப்கள் சில முறை முயன்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி வராது. திரையின் மூலையில் இணைப்புச் சின்னம் வழக்கம்போல இருக்கும். பக்கங்கள் திறக்கும், வீடியோ ஓடும். யாருக்கும் சந்தேகமே வராது.

தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், அவைதான் பாக்கெட்டுகள். அந்த 100-இல் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புத் தகவல்களுக்கும் கொஞ்சம் போய்விடும். மிச்சம்தான் ஸ்பீட் டெஸ்டில் 94, 95 என்று வருவது. பிளான் 200 ஆனாலும் 500 ஆனாலும் அதே எண்தான். பழுதான வெளி இணைப்பு ஒரு நேரம் 60, ஒரு நேரம் 130 என்று ஆடும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 94-ஐ விட்டு நகரவில்லை என்றால், வீட்டுக்குள் எங்கோ ஓர் இடம் 100 லிங்க்கில் ஓடுகிறது.

இது தெரியாமல் அன்று நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் நெட் நிறுவனத்தோடு சண்டை. ஆள் வந்து, தன் லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகி, முழு வேகத்தையும் காட்டினார். நான் நம்பவில்லை. பிறகு பிளானை உயர்த்தினேன். அதே 94. புது ரூட்டர் வாங்கினேன். அதே 94. விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. கடைசியில் நிறுவனத்தையே மாற்றினேன். புது இணைப்பிலும் 94 வந்தபோதுதான் மேசைக்குப் பின்னால் குனிந்தேன். அலமாரியின் கால் கேபிள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உறையைக் கீறிப் பார்த்தால், பழுப்புக் கம்பி நசுங்கி இரண்டாகியிருந்தது. வேறு கேபிளைச் செருகிய அந்த நிமிடமே வேகம் வந்துவிட்டது. நான்கு மாதப் பணமும் நேரமும் போனது. வீடு தேடி வந்து உண்மையைக் காட்டிய அந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சு இன்னும் உறுத்துகிறது.

பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட்டைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரி இருக்கும். 1000/1000 என்றிருந்தால் கிகாபிட். 100/100 என்றிருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். நன்றாக வேலை செய்கிற இன்னொரு கேபிளைப் போட்டு மறுபடி அந்த வரியைப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் ரூட்டரின் வேறு போர்ட்டில் செருகுங்கள். பிறகு ரூட்டரின் விவரக் குறிப்பைப் படியுங்கள்: வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, லேன் போர்ட்டை மட்டும் 100-லேயே வைத்திருக்கும் ரூட்டர்கள் உண்டு. நடுவில் ஒரு பழைய ஸ்விட்ச் (ஒரே இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இருந்தாலும் இதே கதைதான். அப்போது கம்ப்யூட்டரில் 1000 என்றே காட்டும், ஸ்விட்சுக்கும் ரூட்டருக்கும் இடையில் 100-ஆக இருக்கும். ஆகவே அந்தத் துண்டையும் விடாமல் பாருங்கள்.

போன வாரத்து வீட்டில் தம்பியை அந்த வரியைத் திறக்கச் சொன்னேன். 100/100. கேபிளைக் கழற்றி, பிளக்கின் முனையை மொபைல் டார்ச்சுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்குள் ஏழு கம்பிகள் முனை வரை வந்து முட்டியிருந்தன. எட்டாவது, பழுப்பு, ஒரு நெல்மணி நீளத்துக்குப் பின்னால் நின்றது. வெட்டிப் புதுப் பிளக் அடித்தோம். 288 வந்தது.

கலர் வரிசையை இஷ்டத்துக்கு அடிப்பது

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும்ணே” என்று சொல்லாத ஆளே இல்லை. போதாது. 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கிவிட்டால் அந்த இரண்டும் வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடும். பக்கத்துக் கம்பிகளின் சிக்னல் ஒன்றில் ஒன்று கலக்கும். சாதாரண கேபிள் டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காகவே எரியும், அதுதான் ஏமாற்றும். இரண்டு மீட்டர் துண்டில் தப்பிக்கலாம். முப்பது மீட்டருக்கு இழுத்தால் பாக்கெட்டுகள் கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பப்படும்.

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதுதான் டி568பி வரிசை. பிளக்குக்குள் போகும் வரை முறுக்கை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வேகத்தைக் கையால் பூட்டுவது

டிவைஸ் மேனேஜரில் ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற இடத்தில் ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று பூட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மறுமுனை ஆட்டோவில் இருந்தால், இந்தப் பக்கத்திலிருந்து பதில் கிடைக்காமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஒரு முனை எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். இன்னொன்று தன் முறைக்குக் காத்திருக்கும். மோதல்தான் மிஞ்சும். பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) நன்றாக வரும், பெரிய கோப்பை அனுப்பினால் ஊர்ந்து போகும். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே விடுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோட் ஏறும் என்று நம்புவது

டிஎன்எஸ் செய்வது இணையதளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் வேலை. 94 அதனால் 300 ஆகாது.

வைஃபையை அணைக்காமல் சோதிப்பது

அணையுங்கள். இல்லாவிட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

விலை குறைவு என்று அலுமினியக் கேபிள் வாங்குவது

செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சில முறை மடக்கி நிமிர்த்தினால் எளிதில் முறியும், அதுவும் உறைக்குள்ளேயே. சுவருக்குள் போகிற கேபிளில் இதைப் போட்டுவிட்டால், பிறகு சுவரை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். கேட்5இ என்ற தரத்துக் கேபிள் போதும், ஆனால் முழுச் செம்பாக இருக்கட்டும். நல்ல கேட்5இ கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும்.

கெட்ட கேபிளைத் திரும்ப டிராயரில் போடுவது

என் அலமாரிக்கால் நசுக்கிய கேபிளைச் சுருட்டி வைத்தேன், உறையில் கீறல் இருந்தும். இரண்டு வருடம் கழித்து, அவசரத்துக்கு வீட்டில் யாரோ அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டார்கள். மறுபடி 94. இப்போதெல்லாம் கேபிள் கெட்டது என்று உறுதியானதுமே இரண்டு முனைப் பிளக்கையும் அங்கேயே வெட்டிவிடுகிறேன். தம்பியின் பையிலும் ஒரு கட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.