கோபக்கார இளைஞர்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

1950களில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'கோபக்கார இளைஞர்கள்' என்று பெயர் சூட்டிய எழுத்தாளர்களை வாசிக்கப் போகிறவர்கள் ஜான் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' நாடகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். 1956 மே 8 அன்று லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் மேடையேறியது, முக்கியமானதுதான், ஆனாலும் அதில் தொடங்காதீர்கள்.

ஆலன் சில்லிட்டோவின் 'தி லோன்லினெஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்' (1959) கதையை எடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். சிறார் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட பையன் ஒருவன், ஓடி ஜெயித்துக் கோப்பை வாங்கித் தருவான் என்று அங்குள்ள தலைமை அதிகாரி காத்திருக்க, அவனோ முன்னணியில் வந்தும் எல்லைக்கோட்டைத் தொடாமல் நின்றுவிடுகிறான். ஏன் நின்றான் என்பதை அவன் வாயாலேயே கேளுங்கள், மற்ற எல்லாரையும் வாசிக்கச் சாவி அதில் இருக்கிறது.

அடுத்து அவருடைய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவல் (1958). சில்லிட்டோ 14 வயதில் படிப்பை விட்டவர், நாட்டிங்ஹாமின் ராலே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதனால் கடைசல் இயந்திரக் காட்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அதிகம் செய்தால் உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று நாயகன் ஆர்தர் சீட்டன் தன் கையின் வேகத்தை அளந்து வேலை செய்வான். அவன் பட்டினி கிடப்பவன் இல்லை, நல்ல சூட் வாங்கக் காசு வைத்திருப்பவன், கோபம் வேறெதன் மீதோ. பேச்சு வழக்கு தடுக்கினால் உரக்கப் படியுங்கள். 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை, இப்படிப் பத்துச் சொல் பிடிபட்டால் போதும்.

சரி, இப்போது ஆஸ்போர்ன். பட்டம் படித்தும் மிட்டாய்க் கடை நடத்தும் ஜிம்மி போர்ட்டரின் ஆவேசம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்: வர்க்கத்தின் மீது என்று தொடங்கி, இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் மனைவி ஆலிசனின் மீதுதான் விழுகிறது. அந்தப் பக்கங்களை எனக்கு இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதனாலேயே இதை முடித்த கையோடு ஷீலா டெலானியின் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' (1958) படித்தாக வேண்டும். சால்ஃபோர்டைச் சேர்ந்த டெலானிக்கு அது மேடையேறியபோது வயது 19. கர்ப்பமான இளம்பெண் ஜோ, குழந்தையின் தந்தை ஒரு கறுப்பின மாலுமி, அவளைப் பார்த்துக்கொள்பவன் தன்பாலின ஈர்ப்புள்ள நண்பன் ஜெஃப். ஆண்களுக்கிடையே தன்பாலின உறவு அங்கே குற்றமாக இருந்த காலம், 1968 வரை நாடகப் பிரதிகளுக்கு அரசவை அதிகாரியின் அனுமதியும் வேண்டியிருந்தது. 'இளைஞர்கள்' பட்டியல்களில் இவரைத் தேடாதீர்கள், பல பட்டியல்களில் இருக்க மாட்டார். 1961இல் வந்த படத்துக்குத் திரைக்கதையிலும் இவர் பங்குண்டு, நாடகத்தை வாசித்த பிறகு பாருங்கள்.