எல்லைத் தகராறு பற்றிக் கொள்கைக் குறிப்பு எழுதுவது எப்படி: பிரியா விகார் வழக்கை முன்வைத்து

அண்டை நாடுகளின் எல்லைத் தகராறு ஒன்றைக் கொடுத்து, ஒரு நாட்டின் முன் உள்ள வழிகளை எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் பேச்சுவார்த்தை, நீதிமன்றம், மத்தியஸ்தம், படைபலம் என்ற பட்டியலோடு தொடங்கிவிடுகிறார்கள். எந்தத் தகராறுக்கும் பொருந்தும் அந்தப் பட்டியலால் எந்த அமைச்சகத்துக்கும் பயனில்லை. மூல ஆவணங்களைப் படித்த பிறகுதான் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்பது தெரியும். தாய்லாந்து, கம்போடியா இடையிலான பிரியா விகார் கோயில் தகராறு இதைப் பழக ஏற்றது.

யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே பாங்காக்கின் வெளியுறவு அமைச்சகத்துக்காக எழுதுவதாகக் கொள்வோம். களத்தில் வலுவாகவும் வழக்கில் பலவீனமாகவும் இருக்கும் தரப்பு அது; அதனால் கற்றுக்கொள்ள அங்கேதான் அதிகம் உண்டு.

அடுத்து, உடன்படிக்கையின் சொல்லையும் வரைபடத்தின் கோட்டையும் ஒப்பிட வேண்டும். தாங்ரேக் மலைத்தொடரில் மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் முகட்டுக்கோடே எல்லை என்று 1904 இல் சியாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சும் ஒப்புக்கொண்டன. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்து 1908 இல் சியாமிடம் கொடுத்த வரைபடம் கோயிலைக் கம்போடியப் பக்கம் காட்டியது. தகராறு முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

பிறகு மௌனங்களைத் தேடுங்கள். என் பார்வையில் குறிப்பின் தரத்தைத் தீர்மானிக்கும் படி இதுவே. வரைபடம் வந்தபோது உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தாம்ரோங், மாகாண ஆளுநர்களுக்கு அனுப்புவதற்காக மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1930 இல் அவர் கோயிலுக்குச் சென்றபோது, பிரெஞ்சுக் கொடியின் கீழ் அந்நாட்டு அதிகாரி அவரை வரவேற்றார். சியாம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. 1934–35 இல் தாய்லாந்தே நடத்திய அளவீட்டில் கோடும் முகடும் ஒத்துப்போகாதது தெரிந்த பின்னரும் அந்தப் படம் புழக்கத்தில் இருந்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்வதையே சர்வதேச நீதிமன்றம் ஏறத்தாழச் சட்டமொழியில் சொல்லி, 1962 ஜூன் 15 அன்று 9–3 என்ற பெரும்பான்மையில் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. (அது சிகரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு எழுப்பப்பட்ட கோயில் என்பதால் நம் வாசகர்களுக்கு வரலாற்று வாதங்களில் ஈர்ப்பு வரலாம்; ஆனால் வரலாறு, சமயம், தொல்லியல் சார்ந்த வாதங்களை முடிவைத் தீர்மானிப்பவையாக நீதிமன்றம் ஏற்கவில்லை.)

தீர்ப்பு எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் அதே கவனத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். 2013 நவம்பர் 11 அன்று வந்த விளக்கத் தீர்ப்பு, கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்றது. அருகிலுள்ள புனோம் திராப் குன்று யாருடையது என்பதைத் தீர்மானிக்கவில்லை.

இனி வழிகளுக்கு வரலாம். சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தனிச் சம்மதம் இல்லாமலே விசாரிக்கும் அதிகாரத்தை, தாய்லாந்து இப்போது ஏற்பதில்லை. ஆகவே தா மொவான் தோம், மொம் பேய் உள்ளிட்ட, எல்லையில் தகராறுக்குரிய நான்கு இடங்களை அங்கே கொண்டுசெல்வதாக 2025 ஜூனில் கம்போடியா அறிவித்தாலும், தாய்லாந்தின் சம்மதமின்றி அந்த வழக்கு நகராது. ஆனால் பழைய தீர்ப்புக்கு விளக்கம் கேட்கப் புதிய சம்மதம் தேவையில்லை. 2011 இல் கம்போடியா நுழைந்த வாசல் அதுதான். இந்த வேறுபாட்டைத் தவறவிடும் குறிப்பு அமைச்சரைத் தவறாக வழிநடத்தும்.

எல்லையை இரு நாடுகளும் சேர்ந்தே அளந்து குறிப்பதற்கான 2000 ஆம் ஆண்டின் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கூட்டு எல்லை ஆணையமும் பாங்காக்குக்கு உகந்த பாதை. வலுவான தரப்புக்குத் தாமதம் பெரும்பாலும் சாதகமானது; எனினும் தாமதம் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை 2025 ஜூலை 24 முதல் 28 வரை நடந்த மோதல் காட்டியது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைமையில் இருந்த மலேசியாவின் முயற்சியால் புத்ராஜெயாவில் போர்நிறுத்தம் உடன்பாடானது என்பதால், மூன்றாம் தரப்பே வேண்டாம் என்ற பாங்காக்கின் நிலைப்பாட்டின் வரம்பையும் எழுதியாக வேண்டும். படைபலத்துக்கு ஒரு பத்தி போதும்: கைப்பற்றும் மேடு எதுவும் வரைபடத்தை மாற்றாது, மூடிய எல்லை இரு பக்க வணிகர்களையும் ஒருசேரப் பாதிக்கும்.

ஒவ்வொரு வழிக்கும் எதிரே, உள்நாட்டில் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று எழுதுங்கள். 2008 இல் கோயிலை உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் கம்போடியாவின் கோரிக்கையை ஆதரித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்பதோன் பத்தாமா, அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதும் பதவி விலக நேர்ந்தது. 2025 இல் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்ததைத் தொடர்ந்து பிரதமர் பேதோங்தான் ஷினவத்ராவை அதே நீதிமன்றம் பதவிநீக்கம் செய்தது. எனவே அறிக்கையா, ஒப்பந்தமா, வெறும் பேச்சா என்ற வடிவத்தையும், கையெழுத்திடுபவரின் அதிகாரத்தையும் பரிந்துரையின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.