டிஜிட்டல் கேபிள் சிக்னலை அளப்பது எப்படி: காணாமல் போன 14 டெசிபல்

சில சேனல்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, மற்றவை சுத்தமாக ஓடுகின்றன. இதைச் சரிசெய்ய, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் கேபிளைக் குடைந்த பிறகுதான், நான் அளந்த விதமே தப்பு என்று புரிந்தது. கேபிள் உரிப்பது, கனெக்டர் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஓம் பாருங்கள்

கேபிள் டிவியின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) முழுக்க 75 ஓம். ஆய்வகத்து அனலைசர்கள் பெரும்பாலும் 50 ஓம். இரண்டையும் பொருத்த நடுவில் ஒரு மேட்சிங் பேட் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கிற பேட் 5.7 டெசிபலைத் தின்னும். அதை அனலைசரின் ஆஃப்செட்டில் சேர்த்துவிடுங்கள். டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட சக்தி) கணக்கில் வரும் எண்ணோடு 108.75 கூட்டினால் 75 ஓமில் டிபி மைக்ரோவோல்ட் (ஒரு மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிட்ட மின்னழுத்தம்). பலர் பழக்கத்தில் 107 கூட்டிவிடுவார்கள், அது 50 ஓமுக்கான எண்.

2. மார்க்கரை நம்பாதீர்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். சேனலின் உச்சியில் மார்க்கரை (திரையில் ஓர் இடத்தின் அளவைப் படிக்கும் குறி) வைத்தேன், 50 டிபி மைக்ரோவோல்ட் காட்டியது. 60-க்கு மேல் இருக்க வேண்டிய இடம். "சிக்னல் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டி ஓர் ஆம்ப்ளிஃபயரைச் செருகினேன். படம் இன்னும் மோசமானது!

பழைய அனலாக் கேரியர் ஒரே இடத்தில் நட்ட கம்பம் மாதிரி. மார்க்கரை உச்சியில் வைத்தால் உயரம் கிடைத்துவிடும். டிஜிட்டல் சேனல் அப்படியில்லை. அதே சக்தி 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மணலைப் பரப்பியதுபோல் கிடக்கிறது. அனலைசரின் ஆர்.பி.டபிள்யூ. (ஒரு நேரத்தில் அது பார்க்கும் அகலம்) 300 கிலோஹெர்ட்ஸ் என்றால், மார்க்கர் அந்த 300 கிலோஹெர்ட்ஸ் கீற்றில் உள்ள மணலை மட்டும்தான் எடை போடும். 8 மெகாஹெர்ட்ஸை 300 கிலோஹெர்ட்ஸால் வகுத்து டெசிபலாக்கினால் சுமார் 14. என் 50 உண்மையில் 64. சிக்னல் நன்றாகவே இருந்திருக்கிறது.

அதனால் 'சேனல் பவர்' என்ற அளவீட்டைத் திறந்து, அகலம் 8 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள் (6 மெகாஹெர்ட்ஸ் சேனல் உள்ள நாடுகளில் 6). டிடெக்டர் (அளவை எப்படி எடுப்பது என்ற அமைப்பு) ஆர்.எம்.எஸ்., அதாவது சராசரி சக்தியைக் காட்டுவதாக இருக்கட்டும். பீக் டிடெக்டரில் விட்டால், இரைச்சல் போன்ற இந்தச் சிக்னலுக்கு எண் பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது பிழை எதிர்ப்பக்கம்.

3. அனலைசரே திணறுகிறதா?

கேபிளில் நூறு சேனல் ஓடினால் மொத்த சக்தி ஒரு சேனலைவிட 20 டெசிபல் அதிகம். நீங்கள் ஒரு சேனலைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் அனலைசரின் வாசலில் நூறும் வந்து மோதுகின்றன. சோதனை எளிது: சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டரை வெளியே சேருங்கள். அளவு 10 குறைந்து, எம்.இ.ஆர். (டிஜிட்டல் சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று டெசிபலில் சொல்லும் எண்) மட்டும் உயர்ந்தால் அனலைசர் திணறியிருக்கிறது என்று அர்த்தம். நான் செருகிய ஆம்ப்ளிஃபயருக்கும் இதே கதைதான். அட்டெனுவேட்டர் இல்லாமல் நான் இப்போதெல்லாம் பையை மூடுவதே இல்லை.

4. எம்.இ.ஆர்., பி.இ.ஆர். (பிட் பிழை விகிதம்)

ஸ்பெக்ட்ரத்தை எவ்வளவு நேரம் முறைத்தாலும் தரம் தெரியாது. இதற்கு அனலைசரைவிடக் கையடக்க குவாம் (டிஜிட்டல் கேபிளில் பயன்படும் மாடுலேஷன்) மீட்டரே எனக்குப் பிடிக்கும். வேகமாக லாக் ஆகும். மாடுலேஷன், சிம்பல் ரேட் (8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் பெரும்பாலும் நொடிக்கு 6.875 அல்லது 6.9 மில்லியன் சிம்பல்) இரண்டையும் சரியாகக் கொடுங்கள். 256 குவாமுக்கு எம்.இ.ஆர். 32-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 64 குவாம் அதைவிட ஐந்தாறு டெசிபல் குறைவிலும் தாக்குப்பிடிக்கும். சில சேனல் மட்டும் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் மீட்டர் காட்டும் புள்ளிப் படத்தை (கான்ஸ்டலேஷன்) பாருங்கள். புள்ளிகள் உருண்டை மேகமாகப் பரவினால் இரைச்சல். வளையமாக நடுவே ஓட்டை விழுந்தால் வெளியிலிருந்து ஏதோ ஓர் அலை நுழைகிறது. ஓரப் புள்ளிகள் வில்போல் வளைந்து சுழன்றால் ஃபேஸ் நாய்ஸ் (அலையின் கட்டம் நடுங்குவது). மூலைகள் மட்டும் உள்ளே இழுபட்டால் எங்கோ ஓர் ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு மீறி ஓடுகிறது. என்னுடையது கடைசி வகை.

5. அலை அலையாக இருந்தால்

ஸ்பெக்ட்ரத்தின் மேல்விளிம்பு சீரான அலையாக ஏறி இறங்கினால் எதிரொலிப்பு. 150-ஐக் கேபிளின் வேகக் காரணியால் (நுரைக் கேபிளுக்குச் சுமார் 0.85) பெருக்கி, இரண்டு முகடுகளுக்கு இடையிலான மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் சுமார் 25 மீட்டர். இது அளக்கும் கருவியிலிருந்து உள்ள தூரம் அல்ல, எதிரொலிக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல சுவரை ஒருமுறை உடைக்கப் போனேன்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர் எழுதினார்: எம்.இ.ஆர். 37, அளவும் சரி, ஆனாலும் படம் விட்டுவிட்டு உடைகிறதாம். எம்.இ.ஆர். சராசரி எண், கண்ணிமைக்கும் நேரத்து வெட்டு அதில் கரைந்துவிடும். பி.இ.ஆர். அதைக் காட்டிக்கொடுக்கும், அதுவும் பிழை திருத்தத்துக்கு முந்தைய பி.இ.ஆர். அதைத் திரையில் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் மெல்லத் தட்டச் சொன்னேன். மூன்றாவது ஸ்ப்ளிட்டரைத் தட்டியதும் எண் எகிறியது. கையால் மட்டும் முடுக்கிய கனெக்டர்.