முதல் ரேசிங் கார்ட்: முன்பணம் கொடுப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள்

பழைய ரேசிங் கார்ட் (தரையை ஒட்டி ஓடும், கூரையில்லாத சின்னப் பந்தய வண்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்டையும் ஸ்டிக்கரையும்தான். அப்புறம் இன்ஜின் சத்தம். இரண்டும் பிடித்துவிட்டால் முன்பணம் கைமாறிவிடும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான், நாம் ஓட்டப்போகும் டிராக்கில் அந்த இன்ஜினுக்குப் பந்தயப் பிரிவே கிடையாது என்று தெரியவரும்.

கார்ட் பந்தயத்தில் நீங்கள் எந்தப் பிரிவில் ஓடுவீர்கள் என்பதைப் பெரும்பாலும் இன்ஜின்தான் தீர்மானிக்கிறது. ரோடாக்ஸ் மேக்ஸ், ஐயாமே எக்ஸ்30 இரண்டுமே 125 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். இரண்டும் தண்ணீரில் குளிர்பவை, பெரியவர்களுக்கான வடிவத்தில் சுமார் 30 குதிரைத்திறன் தருபவை. ஆனாலும் பொதுவாக இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள். அதனால் வண்டி தேடுவதற்கு முன் ஒரு பந்தய நாளில் சும்மா டிராக்குக்குப் போய், எந்த இன்ஜின் அதிகமாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் இன்ஜின். அவசரத்துக்குப் பக்கத்து ஆளிடம் ஒரு கேபிள் கேட்கலாம், உங்கள் லேப் நேரத்தை ஒப்பிட ஆள் இருக்கும், விற்கும்போதும் வாங்க ஆள் வரும்.

அடுத்தது குதிரைத்திறன் ஆசை. ஆறு கியர், முன் சக்கரத்திலும் பிரேக் உள்ள கியர் கார்ட்டைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். முதல் வண்டியாக அது வேண்டாம் என்றே சொல்வேன். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 என்றொரு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கிறது. 204 சிசி, 9 குதிரைத்திறனைக்கூடத் தொடாது, யாரும் பிரித்து மாற்றிவிடாதபடி தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருகிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் ஒரு வளைவில் வேகத்தைத் தொலைத்தால், அடுத்த நேர்பாதை முழுக்க அந்தத் தவறு உங்களோடு கூடவே வரும். பலமான இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்தே அதை மறைத்துவிடலாம். மறைக்க முடிகிற தவறை யாரும் திருத்திக்கொள்வதில்லை. டூ ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றால் ஐயாமே கேஏ100 போன்ற, காற்றில் குளிரும் 100 சிசி நல்ல நடுவழி. ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய் தொல்லையும் இல்லை.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் வயதை ஆண்டுக் கணக்கில் கேட்காதீர்கள், ஓடிய மணி நேரத்தைக் கேளுங்கள். ரோடாக்ஸ் மேக்ஸுக்கு ஏறக்குறைய 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து வேலை பார்க்க வேண்டும். ‘போன வருஷம்தான் செய்தது’ என்பது பதில் அல்ல. வேலை செய்த கடையின் ரசீதைக் கேளுங்கள். சீல் இருந்தால், அதன் எண்ணும் இன்ஜினோடு வரும் பதிவு அட்டையிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் ஆற விட்டு, குளிர்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடியுங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக ஆழக் கீறியிருந்தால் அது ஒருமுறை சூடேறி இறுகிப் பிடித்த இன்ஜின். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இன்ஜினையாவது பிரித்துச் சரிசெய்துவிடலாம். வளைந்த சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் குழாய்ச் சட்டகம், அப்படியல்ல. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. வளைவில் சேசிஸ் முறுகி உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அதாவது வளைந்து வளைந்து நிமிர்வதுதான் அந்தக் குழாய்களின் வேலை. விரிசல் விடுவதும் அதனால்தான்.

ஆகவே இரண்டு பேராக வண்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அடிக்குழாயில் விரலை ஓட்டுங்கள். டிராக்கின் ஓரத் திண்டுகளில் உரசி உரசி, செருப்பின் குதிகால் போலக் குழாய் தட்டையாகத் தேய்ந்திருக்கும். கொஞ்சம் தேய்மானம் சகஜம். ஆனால் குழாய்ச் சுவரின் கனமே 2 மில்லிமீட்டர் அளவுதான்; அதில் ஒன்றரை போய்விட்டால் மிச்சம் என்ன? அப்புறம் சீட்டைத் தாங்கும் கம்பிகள், ஸ்டீயரிங் தாங்கி, பின் ஆக்சில் பேரிங் ஆகியவற்றைச் சுற்றியுள்ள வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். வண்டி முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு மூட்டில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். கடைசியாகப் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆக்சில் முனையைக் கவனியுங்கள். நான் வாங்கிய முதல் கார்ட்டில் இதைச் செய்யவில்லை. வளைந்த ஆக்சில், ஒவ்வொரு சுற்றிலும் செயினை இழுத்துத் தளர்த்தியது. மூன்று செயின் அறுந்த பிறகும் நான் செயினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு வாங்கும்போது, வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல ஒரு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். பெடல் எட்டாது, ஸ்டீயரிங்கைத் திருப்ப வலுவும் இருக்காது. பெரியவர்களுக்கும் சீட் விஷயம் இதேதான். தளர்வான சீட்டில் விலா எலும்பு ஒவ்வொரு வளைவிலும் இடிபடும். வண்டி நன்றாக இருந்து சீட் மட்டும் பொருந்தவில்லை என்றால் வாங்கலாம். சீட்டை மாற்றுவது பெரிய வேலையில்லை.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். வரும் டயர் அநேகமாகக் காய்ந்து இறுகிப்போனதாக இருக்கும். அது முதல் நாள் பழகத் தாங்கும், அவ்வளவுதான். விற்பவரிடம் உதிரிப் பெட்டி இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். வேறு வேறு பல் எண்ணிக்கையில் நாலைந்து ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), கார்புரேட்டர் ஜெட்டுகள், ஒரு பழைய ஆக்சில் என்று அவர் வீட்டு மூலையில் கிடப்பதை அவரே வண்டியோடு கொடுத்துவிடுவார். அந்த ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.