லைவ் டிவி பிளான்: இரவு எட்டு மணிக் கணக்கு

லைவ் டிவி ஆப்புக்குப் பணம் கட்டுமுன், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஒரே ஆப் எத்தனை ஸ்கிரீனில் ஓடுகிறது என்று எண்ணுங்கள். பிளான்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஓடும் ஸ்கிரீன்களின் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கப்படுகின்றன. ஹாலில் சன் நெக்ஸ்ட்டில் சன் டிவி சீரியல், உள்ளறையில் ஜியோஹாட்ஸ்டாரில் விஜய் டிவி என்றால், இரண்டிலும் ஒரு ஸ்கிரீன் பிளானே போதும். நான்கு ஸ்கிரீன் பிளான் வீண். ஆனால் அந்த ஒரு ஸ்கிரீன் பிளான் டிவியில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். மொபைல் பிளான் என்று பெயரிருந்தால் பெரிய திரையில் ஓடாது. ரீசார்ஜோடு இலவசமாக வருவதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு மாதம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆண்டுச் சந்தாவுக்குப் போங்கள்.

வீட்டில் ஃபைபர் போன்ற பிராட்பேண்ட் இணைப்பு இல்லையென்றால் இந்தக் கணக்கு உதவாது. 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் எச்டி சேனல் மணிக்குச் சுமார் 2.25 ஜிபி தின்னும். தினம் 2 ஜிபி தரும் போன் ஹாட்ஸ்பாட் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கிரிக்கெட் வெறியர்களுக்கும் கேபிளோ டிஷ்ஷோதான் சரி: ஆப்பில் படம் பல விநாடி பிந்தி வருவதால், விக்கெட் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக் கூச்சலே முதலில் சொல்லிவிடும்.