வைஃபை விட்டு விட்டு வருகிறதா? முதலில் தப்பு எங்கே என்று பாருங்கள்

வைஃபை ஒரேயடியாக நின்றுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்து வந்து போவதுதான் படுத்தி எடுக்கும். ஆன்லைன் பரீட்சைக்கு நடுவே சில வினாடி காணாமல் போகும். சர்வீஸ் ஆள் வந்து பார்க்கும்போது சமர்த்தாக வேலை செய்யும். இந்த எரிச்சலில் ரவுட்டரை அணைத்துப் போடுவது, டிரைவரை (வைஃபை கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை) மாற்றுவது, நெட்வொர்க் ரீசெட் கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

அதனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் குறித்துவிட்டு, ஒரு நாளாவது பயன்படுத்திப் பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் விண்டோஸ் 11-க்கானது. விண்டோஸ் 10-லும் பெரும்பாலும் இதே வழிதான், மெனுக்களின் பெயர் மட்டும் சற்று மாறும்.

முதல் படி: லைனா, ரவுட்டரா, லேப்டாப்பா?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இங்கே விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறங்கள். அதில் ஆங்கில எழுத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடைவெளி இல்லாமல் அடித்து எண்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் டிஃபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே உள்ள எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.

இப்போது பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணை அடித்து, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி சின்ன டி எழுத்தும் (-t) போட்டு எண்டர் தட்டுங்கள். கோடும் எழுத்தும் இல்லாவிட்டால் நான்கு முறையோடு நின்றுவிடும். போட்டால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். இன்னொரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து அதில் இதேபோல 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், அதாவது இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

எல்லாம் நன்றாக இருக்கும்போது முதல் ஜன்னலில் ஒவ்வொரு வினாடியும் ஒரு பதில் வரும். வரியின் கடைசிப் பக்கம் டைம் என்பதற்கு எதிரே 2, 3, 5 என்று சின்ன எண்களாக இருக்கும். அது மில்லிசெகண்ட் கணக்கு. இணைப்பு தடுமாறத் தொடங்கினால் அந்த எண் 180, 400, 900 என்று ஏறி, அப்புறம் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்ற வரி விழும். வைஃபை முழுதாகவே அறுந்துவிட்டால் ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றும் வரலாம். தொல்லை வந்த அந்த நிமிடத்தில் இரண்டு ஜன்னலையும் பாருங்கள்.

ரவுட்டரிடமிருந்து பதில் ஒழுங்காக வருகிறது, 8.8.8.8 மட்டும் நின்றுவிட்டது என்றால் உங்கள் லேப்டாப்பும் வைஃபையும் நன்றாக இருக்கின்றன. லைனில்தான் கோளாறு. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். இந்த இரண்டு ஜன்னலையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ‘உங்கள் லேப்டாப்பில்தான் பிரச்சினை’ என்று அவர்கள் சொன்னால் காட்டலாம்.

இரண்டும் ஒன்றாக நின்றால் கோளாறு வீட்டுக்குள்தான். உடனே அதே அறையில் போனை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். போனிலும் ஓடவில்லை என்றால் ரவுட்டர் பக்கம் போங்கள். போனில் ஓடுகிறது என்றால் லேப்டாப் பக்கம்.

இரண்டு ஜன்னலிலும் பதில் வருகிறது, ஆனால் இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ் சிக்கல். செட்டிங்ஸில் வைஃபைக்குள் ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ் போய், டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்டை மேனுவல் ஆக்கி 8.8.8.8, 1.1.1.1 என்று கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லேப்டாப்பில்தான் என்றால்

நான் முதலில் சந்தேகப்படுவது மின்சேமிப்பு வசதியை. பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டை அவ்வப்போது உறங்க வைக்கும். சில கார்டுகள் சரியாக எழுந்திருக்காது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒழுங்காகவும், பேட்டரியில் ஓடும்போதும் மூடித் திறந்த பிறகும் மட்டும் தொல்லையாகவும் இருந்தால் அநேகமாக இதுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயருள்ளதை டபுள் கிளிக் செய்யுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் முதல் வரி, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதி தருவது. அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது. இல்லாவிட்டால் தேட வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது டிரைவர். விண்டோஸ் அப்டேட் ஆன பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால், அதே ஜன்னலில் டிரைவர் பகுதிக்குப் போய் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள்; பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்த பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது இல்லை என்று அர்த்தம். அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். தவறான டிரைவரைப் போட்டுவிட்டு, கூடவே வேண்டாத நாலு மென்பொருளையும் ஏற்றிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புது டிரைவர் கோப்பு கையில் இருக்கும்போதுதான் பழையதை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்வீர்கள். அப்படி மாட்டியவர்கள் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் வைஃபை இல்லாமலே லேப்டாப்பில் இணையம் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று யூஎஸ்பி 3.0. அந்த வகை ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், ஹப் ஆகியவை வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பேக்கப் எடுக்கும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறதா? டிஸ்கைக் கழற்றிவிட்டு பிங் ஜன்னலைப் பாருங்கள். எண்கள் இறங்கினால் காரணம் அதுதான். நீளமான கேபிள் போட்டு டிஸ்கைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு சிக்னல், அடுத்த அறைக்குப் போனாலே ஒன்றுமில்லை, ஆனால் அங்கே போனில் நன்றாக வருகிறது என்றால் ஆன்டெனா ஒயரைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டில் குட்டிப் பித்தளைப் பொத்தான்களில் அழுந்தி நிற்கும். கீல் மாற்றும்போதோ ஃபேன் சுத்தம் செய்யும்போதோ அவை கழன்றுவிடுவது உண்டு. சர்வீஸுக்குப் போய்வந்த பிறகு தொடங்கிய பிரச்சினை என்றால் அங்கேயே திருப்பிக் கொண்டுபோய் ‘ஆன்டெனா ஒயரைப் பாருங்கள்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ரவுட்டர் பக்கம் என்றால்

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை அநேகமாக சேனல் நெரிசல். சேனல் என்பது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு பாதை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை. பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லோரும் அந்த இடத்துக்குள்தான் அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும்கூட அதே வட்டாரம்தான். பிரவுசரில் ரவுட்டர் முகவரியை அடித்து உள்ளே போங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். வயர்லெஸ் பகுதியில் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து இந்த மூன்றில் ஒன்றைக் கொடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 3, 4, 8 என்று நடுவில் ஒன்றைப் பிடித்தால் இரண்டு பக்கத்து நெரிசலும் சேர்ந்து வரும்.

லேப்டாப்பும் ரவுட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் தருகின்றன என்றால் அதுவே மேல். ஆனால் அது சுவரைத் தாண்டிப் போவதில் பலவீனமானது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கலாம்; ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் ஒரு கணம் உறையும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, லேப்டாப்பை ஒன்றில் மட்டும் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேனலை 36 முதல் 48-க்குள் வைப்பது பாதுகாப்பு. 52-லிருந்து 144 வரை உள்ளவற்றைப் பல நாடுகளில் ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்த சேனலை விட்டு விலகியாக வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்து திரும்ப வரும்.

ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ வைத்திருந்தால், எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் அதை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். இரும்பும் கான்கிரீட்டும் சிக்னலைப் பெருமளவு மறித்துவிடும்.

இன்னும் பிடிபடவில்லையா?

விண்டோஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. இவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக் (WLAN-AutoConfig), ஆப்பரேஷனல் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே 8001 என்ற எண் இணைந்ததையும், 8003 துண்டித்ததையும் குறிக்கும். 8003 மேல் கிளிக் செய்தால் நேரமும் காரணமும் கீழே தெரியும். டிரைவர் துண்டித்தது என்ற பொருளில் வரி வந்துகொண்டே இருந்தால் டிரைவரிலும் மின்சேமிப்பிலும் கவனம் வையுங்கள். நேரங்களையும் பாருங்கள்: தினமும் சமையல் நேரத்தில், அல்லது புளூடூத் ஹெட்செட் மாட்டும்போது என்று ஒரு ஒழுங்கு தெரிந்தால் அதுவே விடையைச் சொல்லிவிடும்.

நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் உள்ளே அது இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். ஆபீஸ் விபிஎன் போட்டிருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டிவரலாம். பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொண்டு கொடுங்கள், அப்புறம் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கார்டே பழுதாகியிருக்கலாம். உறுதி செய்ய ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரை யாரிடமாவது இரவல் வாங்கி, உள்ளே இருக்கும் கார்டை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். தொல்லை நின்றால் கார்டை மாற்றலாம். பல லேப்டாப்களில் அது ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும் தனித் துண்டு. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று கேட்ட பிறகே சர்வீஸ் கடையில் விலை பேசுங்கள். பற்றவைத்த வகையாக இருந்தால் அந்த யூஎஸ்பி அடாப்டரையே சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது செலவு குறைவு.