மாவுக்கடைக்குக் கூல் ரூம் வாங்கும் முன்

மதுரையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன், நாளுக்கு ஐந்நூறு கிலோ. நாலு பெரிய ஃப்ரிட்ஜும் போதாமல் போனபோது ஆளே உள்ளே போய் வரும் குளிர் அறையான கூல் ரூம் போடலாம் என்று இறங்கினேன். விற்க வந்தவர் முதலில் கேட்டது, "எத்தனை அடி சார்?" எட்டுக்குப் பத்து என்று நானும் பெருமையாகச் சொன்னேன். என்ன வைப்பீர்கள், உள்ளே போகும்போது எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரத்தில் குளிர வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

கிரைண்டரிலிருந்து வரும் மாவு எங்கள் ஊரில் 30 டிகிரிக்குக் குறையாது. அதை 4 டிகிரிக்கு இறக்கினால்தான் புளிப்பு அடங்கும். ஐந்நூறு கிலோவை 8 மணி நேரத்தில் இறக்க, மாவுக்கு மட்டுமே ஏறக்குறைய அரை டன் (எடையல்ல, ஏசிக்குச் சொல்லும் டன்) குளிர்த்திறன் வேண்டும். 2 மணி நேரத்தில் ஆக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட இரண்டு டன். கதவு திறப்பது, சுவர் வழியே ஏறும் சூடு, ஃபேன், உள்ளே நிற்கும் ஆள் எல்லாம் இதற்கு மேல். உங்கள் சரக்குக்கும் இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு அப்புறம் கொட்டேஷன் கேளுங்கள். அதில் 'இத்தனை எச்பி' என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். வெளியே 45 டிகிரி, உள்ளே 2 டிகிரி இருக்கும்போது எத்தனை கிலோவாட் என்று எழுதி வாங்குங்கள். அதே கம்ப்ரசரை ஃப்ரீசருக்கு ஓட்டினால் திறன் வெகுவாகக் குறையும்.

அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்பதில்தான் நான் சூடுபட்டேன். இரண்டு சுவருக்கு நடுவே இருந்த முடுக்கில் வைத்தார்கள். அது கக்கிய சூட்டை அதுவே திரும்ப இழுத்தது. கத்திரி வெயிலில் ஒரு நாள் ராத்திரி ட்ரிப் ஆகி நின்றுவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் பாக்கெட்டெல்லாம் பந்து மாதிரி உப்பிக் கிடக்கிறது. அத்தனையும் குப்பைக்குப் போனது. இப்போது யூனிட் மொட்டை மாடியில், நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்குக் கீழே இருக்கிறது. கடலோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் யூனிட்டின் காயிலுக்கு (குழாய்ச் சுருள்) அரிப்புத் தடுப்புப் பூச்சும் கேட்டு வாங்க வேண்டும், உப்புக் காற்று அதைத் தின்றுவிடும்.

சுவராக நிற்கும் பஃப் பேனல் (நடுவில் ஃபோம் அடைத்த பலகை) கூல் ரூமுக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும் என்பார்கள். எங்கள் வெயிலுக்கு நான் 80 போட்டேன். ஃப்ரீசர் என்றால் 100-க்குக் குறையக் கூடாது. வாடகைக் கட்டடமாக இருந்தால் கொக்கி மாட்டிப் பூட்டி இணைக்கும் கேம் லாக் பேனல்தான் சரி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஃப்ரீசர் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். மைனஸ் 18-க்குத் தரையிலும் இன்சுலேஷன் வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஈரம் உறைந்து தரையைத் தூக்கிவிடும். கதவு விளிம்பில் ஹீட்டர் இல்லையென்றால் ஐஸ் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கூல் ரூம், ஃப்ரீசர் இரண்டும் வேண்டுமென்றால் ஃப்ரீசரின் கதவு கூல் ரூமுக்குள் திறக்கும்படி வையுங்கள், வெளிச் சூடு நேராக உள்ளே பாயாது.

கதவில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து திறக்கிற பிடி. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரையான ஸ்ட்ரிப் கர்ட்டனும் போடுங்கள். எங்கள் பையன்கள் அதைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள், தினமும் ஒரு தடவை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு மத்தியானம் முழுச் சரக்கையும் ஏற்றிப் பாருங்கள். டிஸ்ப்ளே காட்டுவது காற்றின் குளிர். நடு அடுக்கில் இருக்கும் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். எங்கள் டிஸ்ப்ளே 4 காட்டியபோது மாவு 11-ல் இருந்தது.